இரண்டாவது ஹேம்பர்

புஞ்சாக் ஆலாம்
4 மார்ச் 2024

கான்ஸ்டன்சுக்கு,

உன் புருஷன் சூசைமுத்து எழுதுவது. சனிக்கிழமையிலிருந்து உனக்குப் போன் அடித்து விரல் தேய்ந்துவிட்டது. வாட்சாப்பில் இரண்டு நீலக் கோடு விழுகிறது, ஆகவே பார்த்திருக்கிறாய். பதில்தான் இல்லை. இதைக் கில்பர்ட் கையில் கொடுத்தனுப்புகிறேன். பெற்ற மகன் நீட்டுவதை வாங்க மாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு நீ இன்னும் போகவில்லை என்று நம்புகிறேன்.

லோரிக்காரன் முன்னால் என்னை இப்படி ஆக்கிவிட்டாயே. கட்டில், அலமாரி, பிரிட்ஜ் எல்லாம் ஏறியாகிவிட்டது. "நீங்க முன்னால போங்க. நான் வீட்டைக் கூட்டிட்டு, சாவியை ஆபீஸ்ல குடுத்துட்டு, துளசி புருஷன் காடியில வந்துர்றேன்" என்றாய். நானும் பெரிய மனுஷன் மாதிரி லோரியில் முன்னால் ஏறி உட்கார்ந்து வந்துவிட்டேன். இங்கே மகன் வீட்டில் சாமான் எல்லாம் இறக்கி, கட்டிலைப் பூட்டி, மருமகள் ஷர்மினி இரண்டு தட்டு வைத்துக் காத்திருந்த பிறகு உன் மெசேஜ் வருகிறது. "நான் வரவில்லை." அவ்வளவுதான். ஷர்மினி ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் என்ன ஊரில் இல்லாத காரியம் செய்துவிட்டேன்? புருஷன் ரிட்டையர் ஆனால் பெண்சாதியும் சேர்ந்து வேலையை முடிப்பது நான் கண்டுபிடித்த வழக்கமா? என் அப்பா முடித்தபோது அம்மா முடித்தார்கள். உன் அப்பா முடித்தபோது உன் அம்மா முடித்தார்கள். தோட்டத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், வேலை முடிந்தால் காலி செய்ய வேண்டும். எனக்கு அறுபது ஆகிவிட்டது, வீடு போகிறது, மகன் வா என்கிறான். இத்தனையையும் யோசித்துத்தான் உனக்கும் சேர்த்து, ஆபீஸில் கணக்கு எழுதுகிற ஐயாவு கிராணியிடம் சொன்னேன். ராஜினாமாக் கடிதத்தில் உன் கையெழுத்தை நான் போட்டேன், உண்மைதான். உன் கையெழுத்தை என்றைக்கு நீ போட்டாய்? மெடிக்கல் லீவு முதல் கேஸ் தொம்பு வாங்கின ரசீது வரைக்கும் நான்தானே போட்டுக்கொண்டு வருகிறேன்.

இப்போது ஐயாவு போன் செய்து, "அண்ணே, அக்கா வெள்ளிக்கிழமையே ஆபீஸுக்கு வந்து இது என் கையெழுத்து இல்லைன்னு சொல்லிட்டாங்க" என்கிறான். ஆக, சனிக்கிழமை எனக்கு லோரியில் சாமான் ஏற்றிக் கொடுத்தபோதே உனக்குத் தெரியும். நல்லா இருக்கு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர். மற்றதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

சூசைமுத்து


ஏழாங்கட்டைத் தோட்டம்
10 மார்ச் 2024

கில்பர்ட் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. நான் வரவில்லை, கடிதம்தான் வருகிறது. போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். போனில் நீங்கள் பேசுவது பெரட்டுக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. காலையில் ஆளையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பேர் வாசித்து, இன்றைக்கு நீ இங்கே, நீ அங்கே என்று சொல்லுவீர்களே, அதே குரல். நான் வாயைத் திறப்பதற்குள் எனக்கு வேலை கொடுத்து முடித்துவிடுகிறீர்கள். எழுதினால் குறுக்கே பேச முடியாது. ஆகையால் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன்.

உங்களுக்கு லோரிக்காரன் முன்னால் ஆனது. எனக்கு முழுத் தோட்டத்துக்கு முன்னால் ஆனது. உங்கள் பிரியாவிடைக்கு நான் புதுச் சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தேன். மேனேஜர் உங்களுக்கு மாலை போட்டு, பிஸ்கட் டின் அடுக்கின ஹேம்பர் கூடையைக் கொடுத்தபோது என் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் என் பேரைக் கூப்பிட்டு இன்னொரு ஹேம்பரை நீட்டினார். புருஷன் நல்லா வேலை செய்தால் பெண்சாதிக்கும் ஒன்று கொடுப்பார்கள் போல என்று நினைத்து, இரண்டு கையாலும் வாங்கிச் சிரித்துக்கொண்டு நின்றேன். போட்டோவில் பல் தெரிகிறது. "ரெண்டு பேரும் சேர்ந்து முடிக்கிறீங்க, ரொம்ப சந்தோஷம்" என்று மேனேஜர் மைக்கில் சொன்ன பிறகுதான் அது எதற்கான ஹேம்பர் என்று எனக்குத் தெரிந்தது. என் வேலை போனதை மைக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டவள் இந்தத் தோட்டத்தில் நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அதெல்லாம் முடிஞ்சி போச்சி, சும்மா இரு" என்றீர்கள். அதற்கு மேல் உங்களிடம் கேட்டு என்ன ஆகும்? மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். ஐயாவு தலையைச் சொறிந்தார். மேனேஜர் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, "சாரி கக்காக்" என்றார், அக்கா என்று மரியாதையாய். ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத மனுஷன் சாரி சொன்னார்.

எனக்கு வயது ஐம்பத்து மூன்று. இன்னும் ஏழு வருஷம் வேலை இருக்கிறது. முட்டி நல்லா இருக்கிறது, மூச்சு நல்லா இருக்கிறது. முதுகில் மருந்துப் பம்பைச் சுமந்து செம்பனைக்குக் கீழே புல்லுக்கு அடித்துக்கொண்டு போக இந்தத் தோட்டத்தில் எனக்குச் சமமாய் நடக்கிறவர்கள் சின்னப் பிள்ளைகளிலும் இல்லை. அப்படி ஒருத்தியை எதற்கு வீட்டில் உட்கார வைக்க வேண்டும்?

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாணம் ஆகி வந்த மறு வாரமே, பெரட்டில் என் பேரை வாசித்து, எனக்குப் பள்ளத்து மர நிரையைக் கொடுத்தீர்கள். முழங்கால் தண்ணி, அட்டை, முள். அன்றைக்கு மட்டும் இல்லை. என்றைக்குமே. ஆளுக்கு வேலை பிரிக்கிற மண்டோர் தன் பெண்சாதிக்கு நல்ல நிரை கொடுத்தான் என்று ஒருத்தன் வாயில் வந்துவிடக் கூடாது, அதற்காக. ஊர் வாயை மூட என் காலை வைத்து அடைத்தீர்கள். நானும் ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை. உங்கள் மரியாதை என் மரியாதை என்று இருந்துவிட்டேன். பள்ளத்தில் இறங்கச் சொன்னபோதும் என்னைக் கேட்கவில்லை. மேட்டில் ஏறச் சொன்னபோதும் கேட்கவில்லை.

மண்டோர் வீட்டைக் காலி செய்துவிட்டேன். கீழ் லயத்து வரிசையில் கோடி வீட்டை என் பேரில் கொடுத்திருக்கிறார்கள். பிரிட்ஜை அனுப்பி வையுங்கள். அது என் சீட்டுப் பணத்தில் வாங்கியது. மீனைத் துளசி வீட்டில் வைத்து வைத்து எடுப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

கான்ஸ்டன்ஸ்


புஞ்சாக் ஆலாம்
13 மார்ச் 2024

கான்ஸ்டன்சுக்கு,

கோடி வீடா? மழை பெய்தால் பின்பக்கக் கால்வாய் உள்ளே வரும் வீடு அது. ஆடு கட்டக்கூட யோசிப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு எனக்குப் பெருமையாக எழுதுகிறாய்.

படி ஏறிப் போகிற மண்டோர் வீட்டில் இருந்தவன் நான். நான் வேலை வாங்கிய ஆட்கள் கைலியோடு திண்டில் உட்கார்ந்திருக்கிற லயத்தில், பெண்சாதி பேரில் கொடுத்த வீட்டில், நான் வந்து பாயைப் போட்டுப் படுக்க வேண்டுமா? காலையில் நீ பம்பைத் தூக்கிக்கொண்டு போவாய், நான் வாசலில் நின்று கை ஆட்ட வேண்டுமா? பார்க்கிறவன் என்ன சொல்லுவான் என்று யோசித்தாயா? நீ யோசிக்க மாட்டாய். ஊர் வாயை நான்தானே அடைத்துக்கொண்டிருந்தேன் என்று நீயே எழுதிவிட்டாய்.

பள்ளத்து நிரையைப் பற்றி. அதை உனக்குக் கொடுத்தது உன்மேல் இருந்த நம்பிக்கை. மற்றவளை இறக்கினால் பாதியில் ஏறி வந்துவிடுவாள், மருந்து அடித்தேன் என்று பொய் சொல்லுவாள். நீ சொல்ல மாட்டாய். இத்தனை வருஷம் கழித்து அதை எடுத்து என் முகத்தில் வீசுவாய் என்று தெரிந்திருந்தால், உனக்கு ரோட்டோர நிரையாகப் பார்த்துக் கொடுத்து, நாலு பேரிடம் பேச்சு வாங்கியிருப்பேன்.

இங்கே எல்லாரும் நல்லாத்தான் இருக்கிறார்கள். ஏழு மணிக்குக் கில்பர்ட் போய்விடுகிறான். அவனுக்குப் பின்னால் ஷர்மினி போய்விடுகிறாள். அப்புறம் நானும் லிப்ட்டும்தான். பழக்க தோஷத்தில் நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் அவர்கள் கதவுக்கு அடியில் போகிறது என்று தெரிந்த பிறகு இருட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கீழே இறங்கினால் யூனிவர்சிட்டிப் பிள்ளைகள். "பாக்சிக், தெப்பி சிக்கிட்" என்று ஸ்கூட்டரில் போகிறார்கள். கொஞ்சம் ஓரமாய்ப் போ பெரியவரே என்று. நான் சொன்னால் நாப்பது பேர் ஓரமாய்ப் போன காலம் ஒன்று இருந்தது.

இதை நீ பரிதாபப்படுவதற்காக எழுதவில்லை. குடும்பம் என்றால் ஒரு கூரை. உனக்கு நான் வேண்டுமா, அந்த வேலை வேண்டுமா? ஒற்றை வரியில் பதில் எழுது.

பிரிட்ஜ் இங்கே நல்லா ஓடுகிறது.

சூசைமுத்து


ஏழாங்கட்டைத் தோட்டம்
17 மார்ச் 2024

கில்பர்ட் அப்பாவுக்கு,

ஒற்றை வரியில் எழுதலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் வெள்ளிக்கிழமை சம்பளச் சீட்டு வாங்க ஆபீஸுக்குப் போன இடத்தில் ஐயாவு கிராணி வாய் தவறிவிட்டார். அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதா லா? அண்ணன் போன பிறகு மருந்துக் கூட்டத்துக்கு உங்களை மண்டோரா போடலாமான்னு மேனேஜர் ஜனவரியிலயே கேட்டாரு. அண்ணன்தான், அவளுக்கு மலாய் எழுத வராது, ஆளுங்களை அதட்ட வராது, வேணாம்னு சொல்லிட்டாரு."

ஜனவரி. ஒரே பாயில்தானே படுத்திருந்தோம் ஜனவரியில்? ஒரே சட்டியில்தானே சாப்பிட்டோம்?

எனக்கு மலாய் எழுத வராதா? உங்கள் ரிப்போர்ட்டில் பாதியைக் கில்பர்ட் எழுதினான். அவன் படிக்கப் போன பிறகு மீதியை எழுதியது யார்? ஆளை அதட்ட வராது என்றீர்களே, அது மட்டும் உண்மை. அதட்டும் ஆள் வீட்டில் ஒருத்தர் இருந்தார், எனக்கு இடம் கிடைக்கவில்லை.

மேனேஜரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலையில் பெரட்டை நான் கூப்பிடுகிறேன். உங்களைக் கேட்கவில்லை. கேட்டுச் செய்யும் பழக்கம் நம் வீட்டில் இல்லை.

கான்ஸ்டன்ஸ்


புஞ்சாக் ஆலாம்
21 மார்ச் 2024

கான்ஸ்டன்சுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. தொட்டிருந்தால் காகிதம் கிழிந்திருக்கும்.

ஆமாம், வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். மண்டோர் வேலை என்றால் விசில் ஊதிப் பேர் வாசிப்பது என்று நினைத்துவிட்டாய். என் மோட்டார்சைக்கிள் டயரை எத்தனை தரம் கிழித்தார்கள், உனக்குத் தெரியும். பெட்ரோல் டாங்கில் சீனி போட்டார்கள், அதுவும் தெரியும். முதுகுக்குப் பின்னால் என்ன பேர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பது உனக்குத் தெரியாது, அதை நான் வீட்டுக்குக் கொண்டு வரவில்லை. மேலே இருக்கிறவன் திட்டுவதையும் கீழே இருக்கிறவன் திட்டுவதையும் ஒரே வயிற்றில் போட்டுக்கொள்ள வேண்டும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அந்த இடி உனக்கு விழ வேண்டாம் என்று நினைத்தேன். ஒருத்தன் உன்னை ஒரு வார்த்தை சொன்னால் நான் அவன் பல்லை உடைப்பேன். அங்கே இருந்தால்தானே உடைக்க முடியும்? நான் இங்கே பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது வாய் தவறி, அதற்கும் ஒரு கடிதம் வரும். நான் நின்ற இடத்தில் நீ நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேறு எவன் நின்றாலும் இறங்கியிருக்கும். அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை, நீயும் கேட்காதே.

வேலையில் ஏறிவிட்டாய். இனி சொல்லி என்ன. இதையாவது கவனி. மூன்றாம் நம்பர் பம்புக்கு வாஷர் போய்விட்டது, அதை யாந்தி முதுகில் ஏற்றாதே, மருந்து ஒழுகும். அந்த இந்தோனேசியப் பிள்ளை வலித்தாலும் சொல்லாது. காற்று பத்து மணிக்கு மேல் ஆற்றுப் பக்கமிருந்து திரும்பும், அப்போது எதிர்த்து அடிக்க விடாதே. முகமூடி மாட்டாதவனைத் திருப்பி அனுப்பு, கெஞ்சினாலும் கேட்காதே. முதல் வாரத்தில் நீ சிரித்தால் வருஷம் முழுக்க அவர்கள் சிரிப்பார்கள். பள்ளத்து நிரைக்கு வெயில் காலத்திலேயே வாய்க்கால் வெட்டச் சொல்லி மேனேஜரைக் கேள். நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன்.

உன் கூட்டத்தில் துளசிக்கு முட்டி வலி இருக்கிறது. அவள் சொல்ல மாட்டாள்.

சூசைமுத்து


ஏழாங்கட்டைத் தோட்டம்
7 ஏப்ரல் 2024

கில்பர்ட் அப்பாவுக்கு,

பாஸ்கா பூசையில் உங்களைப் பார்த்தேன். ஆண்கள் பக்கம் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றீர்கள். என்னைப் பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சாமியார், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றதும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். நன்மை வாங்கத் திரும்பி வந்தீர்கள். உயிர்த்த ஆண்டவரை நாக்கில் வாங்கிக்கொள்ளலாம், பெண்சாதிக்குக் கும்பிடு போட முடியாதோ? எனக்குத் துணைக்கு வந்த துளசியும் பார்த்தாள். கிறிஸ்தவள் இல்லாத அவளே, "என்னக்கா, அண்ணன் சாமி கும்பிடறதுல பாதியில ஓடுறாரு" என்று கேட்டாள். தும்மல் என்று சொன்னேன். உங்களுக்காகக் கோயிலில் பொய் சொன்னேன்.

மெலிந்துவிட்டீர்கள். சட்டை தொளதொள என்று இருக்கிறது.

பிரிட்ஜை அனுப்பியதற்கு நன்றி சொல்ல மாட்டேன். என் பொருள்தான் எனக்கு வந்தது.

முதல் நாள் பெரட்டில் நோட்டைப் பிரித்துப் பேர் வாசிக்க ஆரம்பித்தேன். நாலாவது பேரை வாசிக்கும்போது பின்னால் ஒருத்தன் பெண் குரலில் திருப்பி வாசித்தான். எல்லாரும் சிரித்தார்கள். முதல் வாரத்தில் சிரிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, அவனையே முன்னால் கூப்பிட்டு, மிச்சப் பேரையும் அதே குரலில் வாசிக்கச் சொன்னேன். பாதியில் அவனுக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் சத்தம் இல்லை. அதட்டாமலும் நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியட்டும்.

மூன்றாம் நம்பர் பம்பை ஓரம் கட்டிவிட்டேன். அது சரியான யோசனை. பள்ளத்து நிரையை இனிமேல் முறை வைத்து எல்லாரும் இறங்குகிறார்கள். வாய்க்காலுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், மலாயில்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வேண்டுமா, வேலை வேண்டுமா என்று கேட்டீர்கள். இரண்டும் வேண்டும். உங்களுக்கு இத்தனை வருஷம் இரண்டும் இருந்தது, யாரும் உங்களைக் கேட்கவில்லை. கோடி வீட்டுக்கு வாருங்கள். தண்ணி உள்ளே வருவது உண்மைதான், துளசி கொடுத்த பழைய கட்டிலை நாலு செங்கல் வைத்து ஏற்றிவிட்டேன், ஒரு பக்கம்தான் படுக்கிறேன். நீங்கள் தங்குவதென்றால் ஆபீஸில் நான் நிரப்பிக் கொடுக்கிற பாரத்தில் உங்கள் பேர் ஏற வேண்டும். தாங்குங்கான் என்று ஒரு கட்டம், என் சம்பளத்தில் சாப்பிடுகிறவர்கள் என்று அர்த்தம். உங்கள் அடையாள அட்டை, அந்த ஐசி, அதன் நகல் ஒன்று போதும் என்கிறார் ஐயாவு. கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்கள் பாரத்தில் அந்தக் கட்டத்தில் என் பேர் இருந்தது. நானும் சம்பளம் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தலை குனியவில்லை.

யோசித்துச் சொல்லுங்கள்.

கான்ஸ்டன்ஸ்


ஏழாங்கட்டைத் தோட்டம்
15 ஏப்ரல் 2024

சூசைமுத்து அவர்களுக்கு,

யோசித்துச் சொல்லுங்கள் என்று எழுதினேன். பெரட்டுக்கு வந்து நில்லுங்கள் என்று எழுதவில்லை.

இன்று காலை அந்தத் தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில், தொப்பியும் பூட்சும் போட்டுக்கொண்டு நீங்கள் நின்றதைப் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? என் வேலையைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். குரலைக் கொஞ்சம் கூட்டிக்கூட வாசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், உங்களுக்குக் கேட்கட்டும் என்றுதான் கூட்டினேன்.

"பள்ளத்து நிரை, துளசி" என்று வாசித்து நிறுத்தினேன், மூச்சு வாங்க. அடுத்த வார்த்தை வருவதற்குள் உங்கள் குரல் வந்துவிட்டது.

"ஏய், துளசிக்குப் பள்ளம் வேணாம். யாந்திக்குக் குடு. மண்டோர் வேலை பாக்கிறதுன்னா ஆளோட முட்டியையும் தெரிஞ்சி வச்சிக்கணும்."

நாப்பது பேருக்கு முன்னால் ஏய். எல்லாத் தலையும் உங்கள் பக்கம் திரும்பியது. யாந்தி பம்பை எடுத்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். நான் வாசிக்க இருந்தது என்ன தெரியுமா? பள்ளத்து நிரை, துளசி முறை, அவளுக்குப் பதில் ரஃபீக், துளசி மருந்து கலக்கும் இடத்தில். முந்தின நாளே நானும் துளசியும் பேசி முடித்தது. ஒரு மூச்சு பொறுத்திருந்தால் கேட்டிருப்பீர்கள்.

துளசி உங்களிடம், "அண்ணே, இப்ப மண்டோர் யாரு?" என்று கேட்டது உங்களுக்குச் சுட்டிருக்கும். எனக்கும் சுட்டது. உங்கள் பக்கம் பேசுகிறவள் அவள் ஒருத்திதான், அவளே கேட்டுவிட்டாள். நீங்கள் ரோட்டுப் பக்கம் நடந்தீர்கள். நான் பின்னால் ஓடி வரவில்லை. ஓடி வரக் கால் துடித்தது, ஆனால் பேர் வாசித்து முடியவில்லை. மிச்சம் இருந்தவர்களை வாசித்தேன்.

ஹேம்பர் கொடுத்தபோது மைக்கில் போனது என் வேலை. இன்று போகப் பார்த்தது என் மரியாதை. வேலையை ஆபீஸில் கேட்டு வாங்கிவிட்டேன். மரியாதையை வாங்க அந்த ஆபீஸில் கவுண்டர் இல்லை.

கோடி வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் பெரட்டுக்கு இனி ஒரு நாள் வந்தால், சத்தியமாகச் சொல்லுகிறேன், அந்தக் கதவையும் சாத்திவிடுவேன். உங்கள்மேல் ஆசை இல்லாமல் இல்லை. அது இருக்கிறதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது.

கான்ஸ்டன்ஸ்


புஞ்சாக் ஆலாம்
21 ஏப்ரல் 2024

கான்ஸ்டன்சுக்கு,

கில்பர்ட் அப்பா என்று எழுதாமல் என் பேரை எழுதியிருக்கிறாய். கல்யாணம் ஆனதிலிருந்து உன் கையால் என் பேரை நான் பார்த்ததில்லை. மேனேஜர் மெமோ அனுப்பிய மாதிரி இருந்தது. சரி.

நீ துளசியை மாற்றி வைத்திருக்கிறாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? மூச்சு வாங்குகிற இடமா அது? பேரையும் மாற்றத்தையும் ஒன்றாகச் சேர்த்து வாசிக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் எவனும் வாயைத் திறப்பான். இது உனக்குப் புத்தி சொல்வதற்காக இல்லை. என் பக்கத்து நியாயத்தையும் ஒருத்தர் எழுதி வைக்க வேண்டும், இங்கே என்னைத் தவிர வேறு ஆள் இல்லை.

ஏய் என்றது தப்பு.

ரோட்டுக்கு நடந்து வந்து, ஈஜோக் ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில் ஒரு மலாய்க்காரக் கிழவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூட்சைப் பார்த்துவிட்டு, "கெர்ஜா மானா?" என்று கேட்டார். எங்கே வேலை என்று. பூட்ஸ் இரண்டையும் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். அறுபது வயது வரைக்கும் அந்த ஒரு கேள்விக்கு நான் யோசித்ததே இல்லை. பஸ் வந்தும் ஏறாமல் உட்கார்ந்திருந்தேன். அவர்தான் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துவிட்டார் பாவம்.

உன் வேலை போனது என்று மைக்கில் கேட்டபோது உனக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். அப்போது நீ சிரித்துக்கொண்டு நின்றாய், நான் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

இதனோடு என் ஐசி நகல் இருக்கிறது. இரண்டு பக்கமும் எடுத்திருக்கிறேன். நீயே ஐயாவுவிடம் கொடு, நான் போய் அவன் முன்னால் நிற்க மாட்டேன். தாங்குங்கான் கட்டத்தில் போடட்டும், போகட்டும். ஆனால் பக்கத்தில் வேலை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வேலை இல்லை என்று எழுத விடாதே, கான்ஸ்டன்ஸ். சும்மா இருக்கிறான் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம்.

பெரட்டுக்கு வர மாட்டேன்.

சூசைமுத்து


ஏழாங்கட்டைத் தோட்டம்
25 ஏப்ரல் 2024

கில்பர்ட் அப்பாவுக்கு,

நகலை ஐயாவுவிடம் கொடுத்தேன். வேலைக் கட்டத்துக்கு வந்ததும் அவர் வேலை இல்லை என்று எழுதப் போனார். கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். மண்டோர் என்று எழுதச் சொன்னேன்.

"ரிட்டையர் ஆயிட்டாரே அக்கா" என்றார்.

"ஆகட்டும். எழுதுங்க" என்றேன்.

"ஒரே வீட்டுல ரெண்டு மண்டோரா? சரிப்பட்டு வருமா லா?"

"வராது. நீங்க எழுதுங்க."

எழுதிவிட்டார். மேனேஜரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். போகவில்லை. ஹேம்பரில் இருந்த பிஸ்கட் டின்னை இன்னும் நான் பிரிக்கவில்லை, பார்க்கும்போதெல்லாம் எரிகிறது. உங்கள் கோபமும் போயிருக்காது, அதையும் கொண்டு வாருங்கள். பன்னிரண்டாம் மாடியில் ஒன்றும் கோடி வீட்டில் ஒன்றுமாக இருந்து, நடுவில் கில்பர்ட் கடிதம் சுமந்து செத்தான். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கட்டும்.

சனிக்கிழமை வாருங்கள். எனக்கு அன்றைக்கு மருந்து ஏற்றுகிற வேலை, மூன்று மணிக்குத்தான் வருவேன். சாவி துளசி வீட்டில். ஆனால் ஒன்று, வீட்டுக்குள்ளே இரண்டு மண்டோர் இருக்கிறோம், ஆள் என்று ஒருத்தரும் இல்லை. சட்டி பானையை யார் கழுவுவது என்று பேசி முடித்த பிறகுதான் சோறு.

கான்ஸ்டன்ஸ்